பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டறிதல்

சிங்கப்பூரின் சின் மிங்கில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை, பேரம் முடிந்து பெயர் மாறிய பிறகே முதன்முறையாகக் காரைத் தூக்கிப் பிடிக்கும் ஹாய்ஸ்டில் ஏறுகின்றன. இரண்டு வாரம் ஓட்டிய பின்னர், "ஒரு சத்தம் கேக்குது அண்ணே, கொஞ்சம் பாருங்களேன்" என்று கொண்டுவருகிறார்கள். அந்தச் சத்தம் வாங்கிய நாளிலும் இருந்திருக்கும். அது கேட்கும் வேளையில் கவனிக்க ஆள் இல்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான். இன்ஜினின் கோளாறுகள் இரண்டு வேளைகளில் தெளிவாக வெளிப்படுகின்றன: இரவு முழுவதும் நின்று முற்றிலும் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முதல் இரண்டு நிமிடங்களில் ஒருமுறை, நாற்பது நிமிடம் ஓடி முழுச் சூடேறியதை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது இன்னொரு முறை. விற்பனைக்குக் காட்டப்படும் கார் அநேகமாக இவ்விரண்டுக்கும் நடுவே, இளஞ்சூட்டில் நின்றுகொண்டிருக்கும். ஆகவே காரை இரண்டு நிலையிலும் பார்க்க ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம் என்பதே என் கருத்து.

கையில் ஒரு டார்ச், வெள்ளைத் துணி, டயர் அழுத்தமானி, காரின் கணினியில் பதிவான பிழைகளையும் அளவீடுகளையும் படிக்கும், சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஓபிடி ஸ்கேனர் ஆகியவை இருந்தால் போதும். தனியாரிடம் வாங்கும்போது, அவருடைய காப்புறுதி உங்களையும் ஓட்டுநராக ஏற்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்குங்கள். ஏற்காவிட்டால் அவரே ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்கலாம்.

பழுதுச் செலவை மதிப்பிடும் முன், காரை வைத்திருக்க உரிமை தரும் வாகன உரிமைச் சான்றிதழில் (சிஓஇ) எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்று பாருங்கள். பத்தாண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட காரை மீண்டும் புதுப்பிக்க முடியாது. அந்தக் கெடு முடிந்ததும் காரின் பதிவை நீக்கியாக வேண்டும். இருபது மாதமே மீதமுள்ள காருக்கு இன்ஜினைப் பிரித்துச் சீர்செய்வதும், ஒன்பது ஆண்டு மீதமுள்ள காருக்கு அதையே செய்வதும் ஒன்றல்ல. கீழே வரும் ஒவ்வொரு செலவையும் மீதமுள்ள மாதங்களால் வகுத்துப் பார்த்துப் பேரம் பேசுங்கள்.

அறிகுறி 1: ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சத்தம்

முதலில் போனட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஈசூனில் ஒரு பலமாடி கார் நிறுத்துமிடத்தில், என் அக்காள் மகனுக்காக ஒரு ஹோண்டா எஸ்2000 பார்க்கச் சென்றபோது போனட் வெதுவெதுப்பாக இருந்தது. "காலையில பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன் அண்ணே" என்றார் உரிமையாளர். அவர் சொன்னது உண்மைதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லி, யாரும் அதற்குள் காரை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். மறுநாள் சாவியைத் திருப்பியதும், சைக்கிள் சக்கரக் கம்பிகளில் அட்டை உரசுவது போன்ற படபடப்பு இன்ஜினின் முன்புறத்திலிருந்து கேட்டது. நாலாண்டாக அந்தக் காரை வைத்திருந்தவருக்கு அது கோளாறு என்றே தெரியாது. எஸ்2000 கார்களில் இது டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்வதால் வருவது. வெளிப்புறத்திலிருந்தே கழற்றி மாற்றிவிடலாம். விலையில் அதைக் கழித்துக்கொண்டு வாங்கினோம்.

*ஓரிரு நொடி கடகடத்து அடங்கினால்:* முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு குறைந்தாலும், அந்த இன்ஜினுக்குப் பொருந்தாத ஆயில் ஊற்றியிருந்தாலும் இப்படிக் கேட்கும். அவை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் செயின் டென்ஷனர். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்றவற்றில் இருந்த ஆரம்பகால இஏ888 இன்ஜின்களில் இந்த டென்ஷனர் விட்டுப்போனால் செயின் பல் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் மோதி, இன்ஜினே போய்விடும். அவற்றில் புதிய வகை டென்ஷனர் மாற்றப்பட்டதற்கான ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

*டிக்டிக் என்று தொடர்ந்தால்:* இன்ஜின் சூடேறச் சூடேறச் சத்தம் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம், செலவு தாங்கக்கூடியது. நேரடி எரிபொருள் செலுத்தும் இன்ஜின்களில் இன்ஜெக்டர்களின் சீரான சொடக்குச் சத்தம் இயல்பு. சூடேறிய பின் சத்தம் கூடினால் கவலைப்பட வேண்டும். 1990-களின் இறுதியிலிருந்து 2008 வரை வந்த போர்ஷ 911, பாக்ஸ்டர், கேமன் கார்களில் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் கோளாறு உண்டு. ஒரு பக்க எக்ஸாஸ்ட் குழாய் மறுபக்கத்தைவிடக் கறுத்திருப்பதும், ஆயில் வேகமாகக் குறைவதும் அதன் துணை அறிகுறிகள். இரு குழாய்களின் உட்புறத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால், சிலிண்டருக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்க்கும் பட்டறைக்குக் கொண்டுசெல்லாமல் ஒரு வெள்ளிகூடக் கட்ட வேண்டாம்.

இதே இன்ஜின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்ற உறுப்பும் உண்டு. அது பெரும்பாலும் சத்தமில்லாமலே கெடும் என்பதால் அறிகுறியை எதிர்பார்த்துப் பயனில்லை. ஆயில் ஃபில்டரைக் கழற்றி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதும், பேரிங் மாற்றிய ரசீதைக் கேட்பதும்தான் வழி. பழைய வகையை கிளட்ச் மாற்றும்போதே மாற்றிவிடலாம். ஏறக்குறைய 2006 முதல் 2008 வரையான பெரிய வகை, இன்ஜினைப் பிளக்காமல் வெளியே வராது. அந்தக் கால 911 டர்போவிலும் ஜிடி3-இலும் இருப்பது வேறு வகை இன்ஜின்; அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. 2009 முதல் வந்த புதிய இன்ஜின்களில் அந்த உறுப்பே கிடையாது.

*அடியிலிருந்து கனத்த தட்டல் வந்தால்:* ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் வேகமெடுத்து, சூடேறிய பின் இன்னும் பலமாகக் கேட்டால் அது கனெக்டிங் ராடு பேரிங். சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் இஜே வகை டர்போ இன்ஜின்களிலும், பிஎம்டபிள்யூ எம்3-இன் எஸ்54, எஸ்65 இன்ஜின்களிலும் இதை அதிகம் பார்க்கிறோம். உடனே இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். இதற்கு எளிய பழுது எதுவும் இல்லை. எம்3-இல் சத்தமே இல்லாவிட்டாலும், பேரிங் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பது நல்லது.

அறிகுறி 2: புகை

ஒருவர் ஸ்டார்ட் செய்ய, மற்றொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வெயிலுக்கு எதிர்ப்புறம் நின்றால் நிறம் சரியாகத் தெரியாது. நிழலில், இருண்ட சுவரின் பின்னணியில் பாருங்கள்.

*நீலப் புகை:* ஸ்டார்ட் செய்ததும் ஒரே ஒருமுறை குபுக்கென்று வந்து மறைந்தால், அதுவும் சிலிண்டர்கள் படுத்த நிலையில் உள்ள போர்ஷ இன்ஜினாக இருந்தால், அதை மட்டும் வைத்துக் காரை ஒதுக்க வேண்டாம். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மீண்டும் மிதிக்கும்போது புகை வந்தால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கும். மிதித்து வேகமெடுக்கும் நேரமெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். இன்ஜினைத் திறந்தாக வேண்டும். டர்போ காரில், சிக்னலில் சில நிமிடம் நின்று கிளம்பும்போது வந்தால் டர்போவின் சீலைச் சந்தேகியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இன்ஜினின் உள்காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வை மாற்றிப் பார்ப்பது மிகக் குறைந்த செலவு. போர்ஷவில் இதே வேலையைச் செய்யும் ஏர் ஆயில் செப்பரேட்டர் கிழிந்தால், ஸ்டார்ட் செய்யும்போது சாலையே மறையும் அளவுக்கு வெண்புகை கிளம்பும். பார்ப்பவர் இன்ஜின் போய்விட்டது என்றே நினைப்பார். இந்த ஓர் உறுப்புக்குப் பயந்து நல்ல காரைக் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

*வெண்புகை:* குளிர்நாட்டில் காலைநேரத்தில் எல்லாக் கார்களும் நீராவி விடும். இங்கே அதிகாலையிலும் வெப்பம் 25 பாகையை ஒட்டியே இருப்பதால், சில நிமிடங்களுக்குப் பின்னும் தொடரும் வெண்புகையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. புகையில் இனிப்பு வாடை அடித்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது. ஆறிய நிலையில் கூலன்ட் தொட்டியைத் திறந்து ஆயில் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். சூடான நிலையில் ஒருபோதும் திறக்காதீர்கள். ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற படிவு இருந்தால், குறுந்தூரமே ஓடும் கார்களிலும் அது சிறிது சேரும் என்பதால், ஆயில் அளவுகோலிலும் அதே நிறம் இருந்தால்தான் முடிவுக்கு வாருங்கள். உறுதிசெய்ய, கூலன்ட் தொட்டியின் வாயில் வைக்கும் நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது. இன்ஜினில் எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். பட்டறையில் பத்து நிமிட வேலை. நிறம் மாறினால், சிலிண்டர் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டில் கசிவு.

*கரும்புகை:* ஏர் ஃபில்டர், சென்சார், அல்லது யாரோ இன்ஜின் கணினியை மாற்றியமைத்தது. மூன்றாவதாக இருந்தால் பழைய அமைப்புக்குத் திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள்.

அறிகுறி 3: சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுத்தல்

பிஸ்டனுக்குப் பதில் சுழலி கொண்ட ரோட்டரி இன்ஜின் உள்ள மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பார்ப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான சோதனை இல்லை. முழுச் சூட்டில் இன்ஜினை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றியும் இன்ஜின் பிடிக்கத் தயங்கினால், சுழலியின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் ஆகிய எளிய காரணங்களும் உண்டு. அவற்றைக் காட்டி விற்பனையாளர் சமாதானம் சொல்லக்கூடும். முடிவு சொல்வது அழுத்தச் சோதனை மட்டுமே. சாதாரண அழுத்தமானி ரோட்டரி இன்ஜினுக்குப் பயன்படாது. ஒவ்வொரு சுழலியின் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டும் கருவி வேண்டும். அது இருக்கும் பட்டறையைக் கண்டுபிடித்த பிறகே விலை பேசுங்கள். இந்த இன்ஜின் இயல்பாகவே சிறிது ஆயிலை எரிக்கும்படி அமைக்கப்பட்டது என்பதால், ஆயில் குறைவதை மட்டும் குற்றமாகக் கொள்ள வேண்டாம்.

பிஸ்டன் இன்ஜின்களில் இதே அறிகுறி பெரும்பாலும் சென்சார் அல்லது எரிபொருள் பம்புக் கோளாறு; அச்சம் குறைவு.

அறிகுறி 4: நெரிசலில் வெப்பம் ஏறுதல்

பல கார்களில் டாஷ்போர்டு முள், உண்மையான வெப்பம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஓபிடி ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தை நேரடியாகப் பாருங்கள். ஏர்கானைப் போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். 90 முதல் 105 பாகைக்குள் ஏறி, ஃபேன் சுழன்று, மீண்டும் இறங்கினால் நல்லது. இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் கூலன்ட் அளவு, ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்ற வரிசையில் பாருங்கள். பாக்ஸ்டரிலும் 911-இலும் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் ஓரங்களில் இருப்பதால், சாலையோர அங்சானா மரங்களின் சருகுகள் உள்ளே போய் அடைத்துக்கொள்கின்றன. கைப்பிடி கைப்பிடியாக எடுத்திருக்கிறோம். சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஹெட் கேஸ்கெட் இந்த வரிசையில் கடைசி.

அறிகுறி 5: கிளட்ச், கியர்

*வேகம் கூடாமல் இன்ஜின் மட்டும் கதறினால்:* நான்காம் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் ஆக்சிலரேட்டரை முழுதும் மிதியுங்கள். ஆர்பிஎம் முள் திடீரென்று தாவினால் கிளட்ச் வழுக்குகிறது.

*பெடல் தொய்ந்தால்:* திரவ அளவைப் பார்த்து, மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களில் கசிவைத் தேடுங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கிறது. அரை நாள் வேலைகூட இல்லை. நிஸான் 370இசட்-இல் அதே உறுப்பு கியர்பாக்ஸின் உறைக்குள் இருப்பதால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அறிகுறி ஒன்று, செலவு வேறு.

*கியர் கரகரத்தால்:* ஆறிய நிலையில் மட்டும் இரண்டாம் கியர் முரண்டு பிடித்தால் கியர் ஆயிலை மாற்றிப் பார்க்கலாம். முழுச் சூட்டிலும், வேகமாக மாற்றும்போதும் கரகரத்தால், கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது கியர் தானாகக் கழன்று வெளியே வந்தால் அந்தக் கியர்பாக்ஸைத் திறந்தே தீர வேண்டும்.

*இரட்டை கிளட்ச் தானியங்கி நடுங்கினால்:* ஃபோக்ஸ்வாகன் சிரோக்கோ 1.4 போன்றவற்றில் உள்ள ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியைச் சோதிக்க பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சாய்தளமே சரியான இடம். முழுச் சூடேறிய பின் ஊர்ந்து ஏறுங்கள். நடுக்கம், தயக்கம், ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாறும்போது இடி ஆகியவை கிளட்ச் அல்லது கியர் மாற்றத்தை இயக்கும் மெகட்ரானிக் பகுதியில் கோளாறைக் காட்டும். ஆறு கியர் ஈரக் கிளட்ச் பெட்டி உறுதியானது. ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பதிவு வேண்டும்.

அறிகுறி 6: அதிர்வு, இழுப்பு, அடித்தட்டில் சத்தம்

வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பேட்டைகளின் வேகத்தடைகளில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஏறி இறங்குங்கள். லேசான டக் என்ற ஒலி ஆன்டி ரோல் பார் இணைப்பு, மலிவு. கனத்த இடி என்றால் பால் ஜாயின்ட், புஷ், அல்லது கசிந்த ஷாக் அப்சார்பர். விரைவுச்சாலையில் 80–90 கிலோமீட்டரில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் சக்கரச் சமநிலை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். ஒரு பக்கம் இழுத்தால், டயர் அழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். நான்கு டயரும் வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு பிராண்டு என்றால், பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத கை அது. டயரின் உட்புற விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது காரைத் தாழ்த்தியிருக்கிறார்கள்.

பிஎம்டபிள்யூ இ46 எம்3 பார்ப்பவர்கள் பின் அச்சைத் தாங்கும் சட்டகமான சப்ஃபிரேம் பொருந்தும் தரைத்தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஹாய்ஸ்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கிளம்பும்போது பின்னால் ஒரு டங் கேட்பது அதன் அறிகுறி. வெல்டிங் செய்து வலுவூட்டப்பட்டிருந்தால் புகைப்படத்தைக் கேளுங்கள்.

அறிகுறி 7: எச்சரிக்கை விளக்கு எதுவுமே எரியாமை

இதையும் ஓர் அறிகுறியாகவே எண்ணுகிறேன். ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பும்போது இன்ஜின் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியபின் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை முடக்கியிருக்கலாம். ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லாவிட்டாலும், காரின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினஸ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே பல சோதனைகள் 'நிறைவடையவில்லை' என்று காட்டினால், பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம், அல்லது நீங்கள் வருவதற்குச் சற்று முன் குறியீடுகள் அழிக்கப்பட்டிருக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லுங்கள்.

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் ஆகியவற்றின் 2012, 2013 தயாரிப்புகளில் வால்வு ஸ்பிரிங்குக்காக 2018-இல் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. விளக்கு எரியாவிட்டாலும், சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று முகவரிடம் கேளுங்கள்.

அறிகுறி 8: ஏர்கான் குளிராமை, உள்ளே ஈர வாடை

கேஸ் குறைவு என்று விற்பனையாளர் சொல்வார். கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது. வெளிக்குழாயில் என்றால் எளிது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டர் என்றால் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இது தள்ளிப்போடும் பழுது அல்ல. துணிக்கூரை கார்களில் இருக்கைக்கு அடியில் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் கூரையின் வடிகால் துளைகள் அடைத்திருக்கும். நீர் தேங்கிய இடத்தில் கணினிப் பெட்டிகள் இருந்தால் மின்கோளாறுகளும் தொடரும்.

அறிகுறி 9: நிற வேறுபாடும் இடைவெளியும்

கதவு, போனட் ஆகியவற்றின் இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் அவை கழற்றப்பட்டவை. பின்புறச் சாமான் பெட்டியின் கம்பளத்தைத் தூக்கித் தகட்டில் சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் தடிமன்மானி 100 முதல் 180 மைக்ரான் காட்டினால் பெரும்பாலும் தொழிற்சாலைப் பெயின்ட். 300-க்கு மேல் என்றால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாம், அடியில் பூச்சும் நிரப்பியிருக்கலாம்.

அறிகுறி 10: எக்ஸாஸ்ட் சத்தம் அளவுக்கு மீறுதல்

மூன்று முதல் பத்து ஆண்டு வரையான கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டைத் தாண்டியவை ஆண்டுதோறும் ஆய்வுக்குச் செல்ல வேண்டும். மாற்றப்பட்ட எக்ஸாஸ்டுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்ட சான்று இருக்கிறதா, கேட்டலிடிக் கன்வர்ட்டர் இடத்தில் இருக்கிறதா, பழைய எக்ஸாஸ்டைச் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். இவை இல்லாவிட்டால் அடுத்த ஆய்வின் செலவு உங்களுடையது.

பட்டறைக்கு எப்போது கொண்டுசெல்வது

கனத்த தட்டல், நிறம் மாறிய கூலன்ட் சோதனை, கழன்று வரும் கியர், சப்ஃபிரேம் விரிசல் ஆகிய நான்கில் ஒன்று தென்பட்டாலும் வேடிக்கை பார்க்காமல் விலகிவிடலாம்; எவ்வளவு விலை குறைத்தாலும் ஈடாகாது. மற்ற சந்தேகங்களுக்கு, விற்பனையாளருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் அழுத்தச் சோதனையும், சிலிண்டருக்குள் செலுத்திய காற்றில் எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் லீக்டவுன் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். லீக்டவுன் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்ல இன்ஜின். 20-ஐத் தாண்டினால், காற்று எந்த வழியாகக் கசிகிறது என்று மெக்கானிக் காட்ட வேண்டும். ஆய்வில் குறை தெரிந்தால் முன்பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள பழுதுப் பொருள் சட்டம் (லெமன் லா), கடையில் வாங்கிய பழைய காருக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிறுவ வேண்டியது விற்றவர்தான். இயல்பான தேய்மானத்துக்கு அது பொருந்தாது. தனியாரிடம் நேரடியாக வாங்கிய காருக்கும் பொருந்தாது. ஆகவே கடையில் வாங்கினாலும், வாங்கிய வாரத்திலேயே காரை ஒருமுறை ஹாய்ஸ்டில் ஏற்றி, தேதியிட்ட எழுத்து அறிக்கையைப் பட்டறையிடமிருந்து பெற்று, ஒப்பந்தத்துடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.